வாசகர் கேள்வி – பதில்: யாருக்குக் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது?

நன்கொடை கொடுப்பது குறித்து வாசகர்களுக்கு இருக்கும் ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற மாத இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தவிப்பைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன: கொடுக்க மனம் இருக்கிறது, கையில் இருப்பது அளவானது, கேட்பவர்களோ பலர். அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். ஆகவே கொடுத்த பணம் எங்கே போய்ச் சேருகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. அதைக் கொண்டே இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஓய்வூதியத்தில் மாதம் ஐயாயிரம் ரூபாயைத் தருமத்துக்கென்று ஒதுக்குகிறேன். முதியோர் இல்லம், பசு மடம், கோயில் திருப்பணி, புற்றுநோய் மருத்துவமனை என்று மாதந்தோறும் பத்துப் பன்னிரண்டு இடங்களிலிருந்து கடிதமும் தொலைபேசி அழைப்பும் வருகின்றன. இல்லை என்று சொல்ல மனம் வராமல் எல்லாருக்கும் முந்நூறு, ஐந்நூறு என்று அனுப்பிவிடுகிறேன். இது சரியான முறைதானா?
– ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, மாதம் ஐயாயிரம் என்றால் ஆண்டுக்கு அறுபதாயிரம் ரூபாய். ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்கில் அது கணிசமான தொகை. அதையே பன்னிரண்டாகப் பிரித்து அனுப்பும்போது, ரசீது அனுப்பும் தபால் செலவுக்கும் அடுத்த வேண்டுகோளை அச்சிடும் செலவுக்கும் அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவே முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். இரண்டு இடங்கள், மிஞ்சினால் மூன்று, போதும்.

எந்த இரண்டு என்பதுதான் கடினமான பகுதி. எது நம் மனத்தை அதிகம் உருக்குகிறதோ அதற்குக் கொடுப்பதே நம்மில் பலருடைய வழக்கம். இரக்கத்திலிருந்துதான் ஈகை பிறக்கிறது என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், நம்மை உருக்கும் படம் ஊரில் உள்ள மற்றவர்களையும் உருக்கும். அதனால் பணம் ஒரு பக்கமே குவிந்து, படம் எடுத்துக் காட்ட முடியாத தேவைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஆகவே எந்த வேண்டுகோள் வந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் சொல்வேன்: நான் கொடுக்காவிட்டால் இந்த வேலை நின்றுபோகுமா, அல்லது அரசோ வேறு யாரோ கொடுத்துவிடுவார்களா?

உங்களுக்கு நன்கு தெரிந்த அரசுப் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். பாடநூல், சீருடை, காலணி ஆகியவற்றை அரசு தருகிறது. மதியச் சாப்பாட்டுக்கு 1982 முதல் சத்துணவுத் திட்டம் இருக்கிறது; தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் சேர்ந்துகொண்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் வந்தன. இவ்வளவுக்குப் பிறகும் நன்கொடையாளர்கள் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுப்பது பெரும்பாலும் நோட்டுப் புத்தகமும் பள்ளிப் பையுமாகவே இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் உடனிருந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு, கடைசிப் பேருந்து போன பிறகு வீடு திரும்ப ஒரு வண்டி வேண்டும். இவற்றுக்குத்தான் ஆள் இல்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஒருவருக்கு இந்தக் குறைகள் என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் அறுபதாயிரத்தில் பாதியையாவது, நீங்கள் தரம் பிரித்துப் பார்க்கக்கூடிய இந்தத் துறையில் செலவிடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கென்றே கொடுக்க விரும்பினால், 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற நன்கொடைத் திட்டத்தின் வழியாக, பள்ளியையும் தேவையையும் குறிப்பிட்டுக் கொடுக்கலாம்.

இன்னொன்று. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுப்பதைவிட, மாதந்தோறும் இவ்வளவு தருவேன் என்று மூன்று ஆண்டுகளுக்கு உறுதி சொல்லிக் கொடுப்பது மேல். வரும் என்று உறுதியாகத் தெரிந்த பணத்தை நம்பித்தான் ஒரு நிறுவனம் ஒருவரை வேலைக்கு அமர்த்த முடியும்.

கோயில் திருப்பணியும் பசு மடமும் உங்கள் பக்தி சார்ந்தவை. அவற்றை இந்தக் கேள்வியால் அளக்க எனக்கு விருப்பமில்லை. அதற்கென்று ஒரு தொகையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு, “இந்த ஆண்டு வேறோர் இடத்துக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். நேர்மையான நிறுவனம் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: எங்கள் மகளின் பிறந்தநாளை ஆண்டுதோறும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டுக் கொண்டாடுகிறோம். இந்த ஆண்டு அவளே, “அந்தப் பிள்ளைகளுக்கு இது பிடிக்குமா அம்மா?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?
– தம்பதியர், தாம்பரம்

பதில்: உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. நான் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையன்று ஓர் இல்லத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்காகக் கைதட்டி வாழ்த்துப் பாடினார்கள். அந்தக் குழந்தையின் குடும்பத்தார் போன பிறகு மாலை சிற்றுண்டியோடு இன்னொரு குடும்பம் வந்தது. மறுபடியும் அதே பாட்டு, மறுபடியும் கேக். எட்டு வயதுப் பையன் ஒருவன் பாடி முடித்ததும், யாரும் சொல்லாமலேயே, புகைப்படத்துக்குச் சரியான இடத்தில் போய் நின்றுகொண்டான். மேசையில் இருந்த சாப்பாட்டுப் பதிவேட்டைப் புரட்டினேன். அடுத்த சில மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அதன் கீழே இருந்த செலவுப் பேரேட்டில் இரவுக் காவலாளிக்கும் விடுதிக் காப்பாளருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று எழுதியிருந்தது.

சாப்பாடு போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இல்லத்துக்கு உங்களைப் போன்றவர்களிடமிருந்து கிடைக்காமல் போவது எது என்று பார்த்தால், அது பிரியாணி அன்று. அடுத்த முறை காப்பாளரிடம் போய், “எங்கள் பெயர் எங்கும் வர வேண்டாம், இப்போது எதற்குப் பணம் இல்லாமல் இருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். மின்கட்டணம், பல் மருத்துவம், பதினெட்டு வயது முடிந்து வெளியேறும் பிள்ளைக்கு முதல் ஆறு மாத வாடகை என்று பதில் வரும். அந்தக் கடைசித் தேவையை நான் அழுத்திச் சொல்கிறேன். பதினெட்டு முடிந்த மறுநாள் ஒரு பெட்டியோடு வெளியே வரும் பிள்ளைக்கு உதவுவோர் மிகக் குறைவு.

போகும் இல்லம் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு இல்லாத இல்லத்துக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். மேலும், இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். வறுமையே அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. பிள்ளை வீட்டிலேயே வளர்வதற்காக, தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் ஏற்பாடு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இருக்கிறது. கணவனை இழந்த தாய் ஒருத்திக்கு அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, சான்றிதழ்களை வாங்கி, அலுவலகத்துக்கு உடன் போய்வரும் அமைப்புகள் சில மாவட்டங்களில் இருக்கின்றன. அந்த வேலைக்குக் கொடுக்கும் பணம், ஒரு பிள்ளையைத் தன் தாயிடமே தங்க வைக்கிறது. கொடுப்பதில் இதைவிடப் பெரிய பலன் உள்ளதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: அன்னதானத்துக்கு மிஞ்சிய தானம் இல்லை என்கிறார் அப்பா. இந்தக் காலத்தில் சாப்பாடு போடுவதைவிட நோயையும் கல்லாமையையும் ஒழிக்கக் கொடுப்பதுதான் அறிவு என்பது என் எண்ணம். வீட்டில் இது பெரிய விவாதமாகிவிட்டது.
– பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பஞ்சத்தில் மக்கள் செத்து விழுவதைப் பார்த்த மண் இது. உங்கள் தந்தையின் சொல்லுக்குப் பின்னால் அந்த நினைவு இருக்கிறது. பசி மட்டும்தான் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத துன்பம்.

ஆனால் நீங்கள் இருவரும் ஒரே இடத்தில் சந்திக்க முடியும் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. நோயாளியின் வீட்டுச் சமையலறைதான் வெறுமையாக இருக்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நான்கு மாவட்டங்களில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளி உள்ள வீடுகளில் மற்ற உறுப்பினர்களுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக ஒருவருக்குக் காசநோய் வருவது, கொடுக்காத வீடுகளோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்திருக்கின்றன. காசநோயாளிக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் வாங்கித்தர விரும்புவோரை அரசே ‘நிக்ஷய் மித்ரா’ என்ற பெயரில் 2022 முதல் பதிவு செய்துகொள்கிறது. உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாவட்டக் காசநோய் அலுவலகத்திலோ கேட்கலாம். சிகிச்சை முடியும் ஆறு மாதமும் விடாமல் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். உங்கள் தந்தைக்கு இது அன்னதானம். உங்களுக்கு இது நோய் ஒழிப்பு. இருவரும் சேர்ந்தே செய்யுங்கள்.

கேள்வி: ஒரு குழந்தையின் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் தேவை என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வேண்டுகோள்கள் வருகின்றன. உண்மையா பொய்யா என்று தெரியாமல் கொடுக்கவும் தயக்கம், கொடுக்காமல் இருந்தால் உறக்கம் வருவதில்லை.
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: உண்மையா என்று அறிவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. நோயாளியின் உள்நோயாளி எண்ணையும் மருத்துவமனையின் பெயரையும் கேளுங்கள். மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்கோ கட்டணப் பிரிவுக்கோ தொலைபேசியில் பேசி, பணத்தை அந்த எண்ணின் கணக்கில் நேரடியாகச் செலுத்த முடியுமா என்று விசாரியுங்கள். தனி நபரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தினால் விலகிவிடுங்கள். நிதி திரட்டும் இணையதளங்களில் கொடுக்கும்போது, நன்கொடையோடு ‘டிப்’ என்று இணையதளத்துக்கான ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கக்கூடும். அது நோயாளிக்குப் போவதில்லை. வேண்டாம் என்றால் அதைப் பூஜ்யமாக்கிவிட்டுச் செலுத்தலாம்.

அடுத்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அந்தக் குடும்பத்திடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை உண்டு. அட்டை எடுக்கத் தெரியாமல், கந்துவட்டிக்குக் கடன் வாங்கிய பிறகு வேண்டுகோள் விடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு உங்கள் ஆயிரம் ரூபாயைவிட, வருமானச் சான்றிதழ் வாங்கித்தர நீங்கள் செலவிடும் ஒரு பகல் பெரிய உதவி.

முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான, சுமார் 16 கோடி ரூபாய் விலையுள்ள ஊசிக்காகத் திரட்டப்படும் நிதியைப் பற்றியும் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அரிய நோய்களுக்கு மத்திய அரசு தரும் உதவிக்கு 50 லட்சம் ரூபாய் என்று வரம்பு இருப்பதால், பெற்றோர் பொதுமக்களிடம் வருவதைத் தவிர வழியில்லை. அந்தப் பெற்றோருக்குக் கொடுப்பவரைத் தடுக்க எனக்கு மனம் இல்லை. ஆனாலும் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: அந்த விலையைக் குறைக்க வேண்டிய பொறுப்பு அரசுகளுக்கும் மருந்து நிறுவனத்துக்கும் உரியது. அதை ஐந்நூறும் ஆயிரமுமாக மக்களின் தலையில் ஏற்றுவது முறையன்று. இந்தத் தொகைக்கு எத்தனை குழந்தைகளின் பிறவி இதயக் குறைபாட்டைச் சரிசெய்யலாம் என்ற கணக்கும் என் மனத்தைவிட்டு அகல்வதில்லை.

மருத்துவத்துக்குத்தான் கொடுப்பேன் என்றால், படம் போட்டுக் கேட்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். குணமாகாது என்று மருத்துவமனை திருப்பி அனுப்பிவிட்ட புற்றுநோயாளிக்கு வலி நிவாரணம் தரும் வேலை அது. வாரம் ஒருமுறை செவிலியர் வீட்டுக்குச் சென்று புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், சிறுநீர்க் குழாயை மாற்றுவார், மருத்துவர் எழுதிய ‘மார்ஃபின்’ என்னும் வலி மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வார், படுக்கைப் புண்ணைத் தடுக்கத் தண்ணீர் மெத்தை தருவார். கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய இந்தப் பணி, ஊர் மக்கள் கொடுத்த சிறு தொகைகளாலும் தன்னார்வலர்களாலும் கேரளம் முழுவதும் பரவியது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கும் இடம் இருக்கிறது. எனினும் ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய வீடுகள் மிக அதிகம். மரணத்தை நெருங்கியவருக்குக் கொடுத்தால் ‘பிழைத்தார்’ என்று எழுதிக் காட்ட ஒன்றும் இருக்காது. அதனாலேயே இந்தப் பணிக்குக் கொடுப்போர் குறைவு. நீங்கள் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வதும் அதனாலேயே.

கேள்வி: நான் நன்கொடை தரும் அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் மொத்தச் செலவில் நூற்றுக்கு முப்பது சம்பளத்துக்கும் நிர்வாகத்துக்கும் போயிருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?
– விசைத்தறி உரிமையாளர், சேலம்

பதில்: இல்லை. என்ன வேலை என்பதைப் பொறுத்தது அது. அரிசி மூட்டை வழங்கும் அறக்கட்டளையில் முப்பது விழுக்காடு சம்பளம் என்றால் நானே கேள்வி கேட்பேன். காது கேளாத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனத்தில் எழுபது விழுக்காடு சம்பளமாகப் போனாலும் வியப்பில்லை, ஏனென்றால் பயிற்சியாளர்தான் அங்கே பணியே. கணக்குப் பிள்ளை இல்லாத அறக்கட்டளையில்தான் பணம் காணாமல் போகும் என்பது என் தொழிலில் நான் கண்ட உண்மை. நிர்வாகச் செலவே இல்லை, ஒவ்வொரு ரூபாயும் ஏழைக்கே போகிறது என்று விளம்பரம் செய்பவரிடம், அப்படியானால் தணிக்கைக் கட்டணத்தையும் ஓட்டுநர் சம்பளத்தையும் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

செலவுப் பிரிவைவிட விளைவைப் பாருங்கள். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் பணத்திலேயே ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் அறுவை செய்கிறது. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் அயல்நாட்டு விழிவில்லையின் விலை அதிகமாக இருந்ததால் 1992-இல் அதைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பொறியாளர்களும் ஆய்வகமும் மேலாளர்களும் வேண்டியிருந்தன. அந்தச் செலவுகளை எல்லாம் ‘நிர்வாகம்’ என்று வெட்டியிருந்தால் கண்புரை வில்லையின் விலை இறங்கியிருக்காது. உங்கள் அறக்கட்டளையிடம் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை கேளுங்கள். அறங்காவலரின் உறவினர்கள் எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள், கட்டடம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறதா அல்லது தனி நபர் பெயரில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஏமாற்று இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: வெள்ளம், புயல் வரும்போதெல்லாம் எங்கள் குடியிருப்பில் பழைய துணி, போர்வை, பிஸ்கட் திரட்டி அனுப்புகிறோம். இதைவிடப் பயனுள்ளதாகச் செய்ய முடியுமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

பதில்: முடியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலை ஓரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. வீடு போனது, மானமும் போக வேண்டுமா என்பது அவர்கள் மனநிலை. முதல் வாரத்தில் அந்தந்த ஊரிலேயே பொருள் வாங்கத் தெரிந்த உள்ளூர் அமைப்புக்குப் பணமாக அனுப்புங்கள். அதைவிட முக்கியமாக, திரட்டிய தொகையில் பாதியை ஆறு மாதம் கழித்துக் கொடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, முதல் இரண்டு வாரங்கள் வண்டி வண்டியாக உதவி வந்தது. புதிதாக நட்ட நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்த இடைப்பட்ட காலத்தில் ஊடுபயிருக்கும், கறவை மாட்டுக்கும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் வழியின்றித் தவித்தவர்களைத் தொலைக்காட்சி காட்டவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், ஆப்பிரிக்காவில் கொசுவலைக்குக் கொடுப்பதுதான் ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் தரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். நம் ஊரில் இவ்வளவு தேவை இருக்கும்போது அது சரியா? அவனும் நண்பர்களும் இங்கேயும் ஒரு சங்கத்துக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார்கள்.
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: உங்கள் மகனுடைய கணக்கு வெறும் வாதம் அன்று. அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிய கிவ்வெல் என்ற அமைப்பு, எந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் ஓர் உயிரைக் காக்க எவ்வளவு செலவாகிறது என்று ஆராய்ந்து வெளியிடுகிறது. மலேரியாவால் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேர் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், அதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். சில டாலர் விலையுள்ள மருந்திட்ட கொசுவலை அந்தச் சாவைக் கணிசமாகத் தடுக்கிறது. ஒரு குழந்தை நைஜீரியாவில் பிறந்தது என்பதற்காக அதன் உயிர் மதிப்புக் குறைந்ததாகிவிடாது. ஆகவே அவர் கொடுப்பதைத் தடுக்காதீர்கள், பெருமைப்படுங்கள்.

அதே நேரத்தில், தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: உங்கள் தெருவில் யாருக்கு என்ன இல்லை என்பது. அவருடைய அளவுகோலை உங்கள் ஊருக்கும் கொண்டுவாருங்கள். அசாமின் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் அருகில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்க உதவும் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக உயர்ந்தது. ஈரோட்டிலும் பவானியிலும் சென்னிமலையிலும் தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடக் கண் தெரியாமல் வேலையைக் குறைத்துக்கொண்ட நெசவாளர்கள் எத்தனை பேர்? சில நூறு ரூபாய்க் கண்ணாடி அவர்களுக்கு இன்னும் பத்து ஆண்டு வருமானத்தைத் தரக்கூடும். ஒரு கண் பரிசோதனை முகாமும் கண்ணாடிச் செலவும் உங்கள் மகனுக்கே பிடித்துப்போகும் கணக்கு.

பணம் அனுப்பும் வழியில் ஓர் எச்சரிக்கை. மகன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரோ நண்பர்களோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள் என்றால், இந்திய வம்சாவளியினர் ஆனாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புக்கு மட்டுமே அனுப்ப முடியும். தெரியாமல் வாங்கிக்கொண்ட உள்ளூர்ச் சங்கம்தான் பிறகு சிக்கலில் மாட்டும்.

கேள்வி: நன்கொடைக்கு வரி விலக்குக் கிடைக்கும் இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டுமா?
– தனியார் நிறுவன ஊழியர், திருச்சிராப்பள்ளி

பதில்: அவசியம் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இத்தகைய நன்கொடைகளுக்குக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவர், நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் ‘80ஜி’ அனுமதி பெற்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்த தொகையில் பாதியை, வருமானத்தை ஒட்டிய வரம்புக்குள், கழித்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது; பொருளாகக் கொடுத்தால் எவ்வளவானாலும் கிடைக்காது. அறக்கட்டளை தரும் நன்கொடைச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அந்த அனுமதி இருப்பதை ஒரு நற்சான்றாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்பதை மட்டுமே அது காட்டும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். கொடுக்கப் பணம் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, எந்தப் பணத்தாலும் தயாரிக்க முடியாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. வயது 18-ஐத் தாண்டி, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், உடல்நலத்தோடு இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். வீட்டில் பெரியவர்களிடம் கண்தானம் பற்றிப் பேசி வை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் சொல்ல வேண்டும். கண்ணாடி அணிந்தவர்களும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கண்தானம் செய்யலாம். உறுதிமொழிப் படிவம் எழுதாமல் போனாலும், அந்த நேரத்தில் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். அதனால்தான் பேசி வைப்பது முக்கியம்.

ரத்த தானத்தில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள். தலைவர்களின் பிறந்தநாளன்றும் கல்லூரி விழாவன்றும் முகாம்களில் கூட்டம் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருப்பதால் முகாம்கள் குறைந்துவிடுகின்றன. தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கோ சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, முகாமுக்குக் காத்திராமல், பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு நேரே போய், உன் வகையைச் சொல்லி, எப்போது வந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வா.